மசோதா சட்டமாவதற்கு முன்பே அதைப் பின்தொடர்வது எப்படி? டெக்சாஸ், வாஷிங்டன் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்

கேட்டி_வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காமல் இருந்ததில்லை. அரசு தன் எல்லைக்குள் நிற்க வேண்டும், வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், பிள்ளை வளர்ப்பில் கடைசி முடிவு பெற்றோருடையதாக இருக்க வேண்டும் என்று நம்புகிற கன்சர்வேட்டிவ் நான்.

எனக்கு வரும் மின்னஞ்சல்கள் இரண்டே வகை. "ஆபத்து, உடனே நன்கொடை தாருங்கள்" என்பது ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு யார் எப்படி வாக்களித்தார்கள் என்று வரும் மதிப்பெண் அட்டை மற்றொன்று. முதலாவதில் மசோதாவின் எண்கூட இருப்பதில்லை. இரண்டாவது வரும்போது செய்வதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை. சட்டமன்ற அலுவலகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "அது குழுவிலேயே நின்றுவிட்டது" என்கிறார்கள். எந்தக் குழு, எந்த நாள், யார் நிறுத்தினார்கள் என்பதற்குப் பதில் இல்லை.

சொத்து வரி, பள்ளித் தேர்வுரிமை (பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது என்று பெற்றோரே தேர்ந்தெடுப்பது), வாஷிங்டனின் செலவு ஆகிய மூன்றும்தான் என் கவலை. பகலில் வேலை, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். முடிவெடுக்கப்படும் முன்பே ஒரு சாதாரணக் குடிமகன் அதை அறிந்து பேச வழி இருக்கிறதா?

---

பிளேனோ_அத்தை எழுதியது:

தம்பி, வழி இருக்கிறது. காலின் கவுண்டியில் எங்கள் வாக்குச்சாவடி வட்டத்துக்குக் குடியரசுக் கட்சிப் பொறுப்பில் இருக்கிறேன். பல கூட்டத்தொடர்களாகப் பார்த்துவருவதால் சொல்கிறேன்: முதலில் நாட்காட்டியைப் படியுங்கள், மசோதாவைப் பிறகு படிக்கலாம்.

நம் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், 140 நாட்கள் நடக்கிறது. பழைய டெக்சாஸ்காரர்கள் அரசை நம்பாமல் போட்ட வேலி இது. எனக்கு மிகவும் பிடித்த வேலியும்கூட. ஆனால் இதனால் எல்லாமே அவசரத்தில் நடக்கும். அறுபதாம் நாளோடு பொதுவான மசோதாக்களைத் தாக்கல் செய்யும் கெடு முடிகிறது. பிரதிநிதிகள் அவை தன் சொந்த மசோதாக்களை இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது அவை விவாதத்துக்கு, எடுக்க 122ஆம் நாள் நள்ளிரவுதான் கடைசி. அந்த இரவில் வாக்கெடுப்பே இல்லாமல் சாகும் மசோதாக்கள் ஏராளம். எவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை என்பதால் எவருடைய மதிப்பெண்ணும் குறையாது. உங்களுக்குப் பதில் கிடைக்காததன் காரணம் அதுதான்.

டெக்சாஸ் சட்டமன்றத்தின் சொந்த இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். மசோதாவின் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வோர் அசைவும் மின்னஞ்சலில் வந்துவிடும். எண்ணோடு நிற்காதீர்கள், பொருளடக்கத்துக்கும் குழுவுக்கும் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி மசோதாவைப் பிரதிநிதிகள் அவையில் வேஸ் அண்ட் மீன்ஸ் என்ற வரிக் குழுவில் தேட வேண்டும். பொது விசாரணைக்குப் பிரதிநிதிகள் அவை வழக்கமான கூட்டத்தொடரில் ஐந்து நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். செனட் குழுவுக்கு 24 மணி நேரம் போதும். ஆகவே செனட் பக்கத்தைத் தினமும் பாருங்கள்.

விசாரணைக்கு வைக்கப்பட்ட மசோதா பற்றி டெக்சாஸ்வாசி எவரும் பிரதிநிதிகள் அவையின் இணையதளத்தில் கருத்து எழுதலாம். ஆஸ்டினுக்கு நேரில் போனால் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பதிவு செய்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். செனட்டில் பேச நேரில்தான் போயாக வேண்டும். வரி கட்டும் ஒருவர் தன் மதிப்பீட்டு நோட்டீஸைக் கையில் பிடித்தபடி பேசும்போது குழு உறுப்பினர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். லாபியிஸ்டுகள் பேசும்போது அப்படிப் பார்ப்பதில்லை.

அடுத்து, தலைப்பை நம்பாதீர்கள். எங்கள் மசோதாக்களில் புதிதாகச் சேர்க்கும் வார்த்தை அடிக்கோடிட்டும், நீக்கும் வார்த்தை அடைப்புக்குறிக்குள் அடித்தும் அச்சாகும். அந்த இரண்டை மட்டும் படித்தால் மசோதாவின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். குழுவில் மாற்று வரைவு வைத்தால் பழைய வாசகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். எண் ஒன்றாகவே இருக்கும், உள்ளடக்கம் வேறாகியிருக்கும். 2019இல் வந்த எஸ்பி 2 (செனட் மசோதா 2) ஓர் எடுத்துக்காட்டு. நகரமும் கவுண்டியும் மக்களிடம் வாக்குக் கேட்காமல் வரி வருவாயை உயர்த்திக்கொள்ளும் உச்சவரம்பு அதற்கு முன் 8 சதவீதம், சட்டமானபோது 3.5. அந்த ஓர் எண்ணுக்காகத்தான் சண்டை முழுவதும் நடந்தது. "வரிச் சீர்திருத்தம்" என்ற தலைப்பு எந்த எண்ணுக்கும் பொருந்தியிருக்கும்.

இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2023 நவம்பர் 17 அன்று, ஆளுநர் கூட்டிய நான்காவது சிறப்புக் கூட்டத்தொடரில், எச்பி 1 (பிரதிநிதிகள் அவை மசோதா 1) என்ற கல்வி மசோதா அவைக்கு வந்தது. தனியார் பள்ளிச் செலவுக்கு அரசுப் பணம் தரும் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டத்தை அதிலிருந்து அப்படியே வெட்டி எறியும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியின் ஜான் ரேனி. 84க்கு 63 என்ற கணக்கில் அது நிறைவேறியது. நம் கட்சிக்காரர்கள் 21 பேர் அதற்கு ஆதரவு. மசோதாவின் மீது இறுதி வாக்கெடுப்பே நடக்கவில்லை. அந்தத் திருத்தத்தின் வாக்குப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2024 ப்ரைமரியில் வீடு வீடாகப் போனோம். அந்தத் தேர்தலில் பல இடங்களில் முகம் மாறியது. 2025 ஏப்ரலில் அதே திட்டத்துக்கான எஸ்பி 2 (2019இன் வரி மசோதா அல்ல, எண் மட்டும்தான் ஒன்று), 85க்கு 63 என்று அதே அவையில் நிறைவேறியது. மே 3 அன்று ஆளுநர் அபட் கையெழுத்திட்டார். முதல் இரண்டு ஆண்டுக்கு நூறு கோடி டாலர்.

திருத்தங்களின் வாக்குப் பட்டியல் அவையின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று காத்திருக்காமல் நீங்களே எடுத்துப் படியுங்கள்.

---

ஆஷ்பர்ன்_தமிழன் எழுதியது:

அத்தை சொன்னதோடு வர்ஜீனியாவிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மசோதா எண்ணைப் பின்தொடர்கிறவர் ஒரு கூட்டத்தொடரோடு களைத்துப்போவார், கருத்தைப் பின்தொடருங்கள். பாடத்தில் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கம் இருந்தால் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற மசோதா 2016இல் எச்பி 516 என்ற எண்ணோடு இரு அவைகளையும் கடந்தது. ஆளுநர் மெக்காலிஃப் வீட்டோ செய்தார். ஆறு ஆண்டு கழித்து, 2022இல், அதே கோரிக்கை எஸ்பி 656 என்று திரும்பி வந்து ஆளுநர் யங்கினின் கையெழுத்தைப் பெற்றது. நடுவில் அதை மறக்காமல் வைத்திருந்தவர்கள் பெற்றோர்தான்.

இனி வாஷிங்டன், அதாவது நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ். காங்கிரஸ்.கவ் தளத்தில் மசோதாவுக்கும் உறுப்பினருக்கும் மின்னஞ்சல் எச்சரிக்கை வைக்கலாம், அது எளிது. கடினமானது நேரம். 2022 டிசம்பர் 20 அன்று வெளிவந்த செலவு மசோதா 4,155 பக்கம், ஏறத்தாழ 1.7 டிரில்லியன் டாலர். செனட் 22ஆம் தேதியும் பிரதிநிதிகள் அவை 23ஆம் தேதியும் அதை நிறைவேற்றிவிட்டன. அதை வாசித்து வாக்களித்தேன் என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். சுயாட்சி செய்கிற மக்களை இப்படி நடத்துவது எனக்குப் பெரும் அவமதிப்பாகவே தோன்றுகிறது. ஆனால் 2024 டிசம்பரில் 1,547 பக்கத் தற்காலிகச் செலவு மசோதா வந்தபோது, மக்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்துப் பகிர்ந்தார்கள், தொலைபேசிகள் ஓயவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவியேற்காதிருந்த டிரம்ப்பும் எதிர்த்தார். அந்த வரைவு இரண்டே நாளில் கைவிடப்பட்டது. நிறைவேறியது நூற்றுச் சொச்சம் பக்கம்தான்.

இந்த மாதிரி மசோதாக்கள் அரசின் பணம் தீரும் கெடு நாளை ஒட்டித்தான் வரும். செப்டம்பர் 30 நிதியாண்டின் முடிவு. அந்தத் தேதியையும், தற்காலிக ஏற்பாட்டில் நீட்டிக்கும் தேதியையும் குறித்துக்கொண்டு அதற்கு முந்தைய வாரத்தை மட்டும் உங்கள் மாலைகளுக்கு ஒதுக்குங்கள்.

வரைவுகளை ஒப்பிடுவது அங்கேயும் அவசியம். 2025 ஜூலை 4 அன்று சட்டமான எச்.ஆர். 1 செனட்டில் 60 வாக்குத் தேவைப்படாத பட்ஜெட் வழியில் போனது. துப்பாக்கி ஒலியடக்கிகளைத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் பதிவிலிருந்தே விடுவிக்கும் பிரிவு பிரதிநிதிகள் அவையின் வரைவில் இருந்தது. பட்ஜெட்டோடு தொடர்பில்லாததைச் சேர்க்கக் கூடாது என்ற பேர்ட் விதியில் அது அடிபட்டது. கடைசியில் மிஞ்சியது 200 டாலர் வரி பூஜ்ஜியமானது மட்டும். பதிவு அப்படியே இருக்கிறது. முதல் வரைவை மட்டும் படித்துக் கொண்டாடியவர்கள் பலர்.

காங்கிரஸோடு வேலை முடிவதில்லை. மத்திய அரசின் முகமைகள் போடும் விதிகள் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வருகின்றன. கருத்துச் சொல்ல பெரும்பாலும் 30 முதல் 60 நாள் கிடைக்கும். சட்டத்துக்கு முகமை சொல்லும் பொருளுக்கு நீதிமன்றம் தலைவணங்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே உங்கள் எதிர்ப்பு ஆவணத்தில் பதிவாகியிருப்பதற்கு இன்று முன்பைவிட மதிப்பு அதிகம்.

---

ரவுண்ட்ராக்_பொறியாளன் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. இரண்டு குழந்தைகள், முழுநேர வேலை. திருத்தங்களையெல்லாம் படிக்கும் நேரம் எல்லோருக்கும் இல்லை. லெஜிஸ்கேன் தளத்தில் ஐம்பது மாநிலங்களும் காங்கிரஸும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அதில் ஒரு தேடுசொல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஓர் அமைப்பின் மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் போதாதா? ஹெரிட்டேஜ் ஆக்‌ஷன், கிளப் ஃபார் குரோத் போன்ற கன்சர்வேட்டிவ் அமைப்புகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன.

---

பிளேனோ_அத்தை எழுதியது:

நேரமில்லாதவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் மதிப்பெண் அட்டையைப் பார்க்கிறேன், ப்ரைமரியில் அது உதவுகிறது. ஆனால் எந்த வாக்குகளைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்பவர் அந்த அமைப்பு, நீங்கள் அல்ல. செலவைக் குறைப்பது முக்கியம் என்பவரும் குழந்தைகளின் பாதுகாப்பு முக்கியம் என்பவரும் ஒரே உறுப்பினருக்கு வேறு வேறு மதிப்பெண் தருவார்கள். குழுவில் பேசாமல் உட்கார்ந்து ஒரு மசோதாவைச் சாகவிட்டவருக்கு எந்த அட்டையும் மதிப்பெண் குறைப்பதில்லை.

ஐம்பது மசோதாவைப் பார்க்கச் சொல்லவில்லை. மூன்று போதும். மீதியை வேறு மூன்று வீடுகள் பார்க்கட்டும். எங்கள் தெருவில் ஒருவர் நீர் வாரிய மசோதாக்களை மட்டும் பார்க்கிறார், அந்த விஷயத்தில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரே அவரிடம் சந்தேகம் கேட்கிறார்.

---

கேட்டி_வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கேள்வி பாக்கி. கூட்டத்தொடர் இல்லாத இந்த நாட்களில் செய்ய ஏதாவது இருக்கிறதா, அல்லது 2027 வரை காத்திருக்க வேண்டுமா?

---

பிளேனோ_அத்தை எழுதியது:

காத்திருக்க வேண்டாம் தம்பி. இடைக்காலத்தில் பிரதிநிதிகள் அவைத் தலைவரும், செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநரும் குழுக்களுக்கு ஆய்வுப் பொருட்களைக் கொடுக்கிறார்கள். அந்த விசாரணைகளுக்கு வருபவர்கள் குறைவு. அடுத்த ஆண்டின் மசோதா அங்கேதான் உருவாகிறது. உங்கள் வீட்டின் வரி மதிப்பீடு கடந்த சில ஆண்டுகளில் எப்படி ஏறியது, பள்ளி மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பள்ளி வரிக்காக வீட்டின் மதிப்பிலிருந்து கழிக்கும் குடியிருப்பு வரிவிலக்கு 2023இல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாகவும், 2025இல் 1,40,000 ஆகவும் உயர்ந்தது. அதன் பலன் உங்கள் ரசீதில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு மதிப்பீட்டு உயர்வில் கரைந்தது என்பது உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் தேர்தலுக்கு அடுத்த திங்கள்கிழமையிலிருந்து மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்யத் தொடங்குவார்கள். 2027 ஜனவரி 12 அன்று அவை கூடுகிறது, மார்ச் 12 தாக்கல் கெடு, மே 31 கடைசி நாள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியா, ஹாரிஸ் கவுண்டியா உங்கள் வீடு? சொல்லுங்கள், அந்தப் பக்கத்தில் சொத்து வரி மசோதாக்களைப் பார்த்துவரும் ஒரு வட்டப் பொறுப்பாளரிடம் சேர்த்துவிடுகிறேன்.