36 வயது அண்ணன், ரேங்கிங் 287, தேய்ந்த முழங்கால்: நிறுத்தச் சொல்லலாமா?

இளையவன் எழுதியது:

வணக்கம். என் அண்ணன் தொழில்முறை டென்னிஸ் வீரர். 19 வயதிலிருந்து அவருக்கு வேறு வேலை கிடையாது. இப்போது 36 முடிந்துவிட்டது. ஒற்றையரில் 118 வரை போனவர், இன்று 287இல் இருக்கிறார். நான்கு வருடமாக நான்தான் கூடப் பயணம் செய்கிறேன். பயிற்சியில் எதிரே நின்று அடிப்பது, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டு வாங்கி வருவது, ஆட்டத்தின்போது நோட்டில் குறிப்பெடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

பிரச்சினை இடது முழங்கால். மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் மெத்தை) கிழிந்து இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். நான் பார்ப்பது தெரிந்தால் அப்படியே நின்று செல்போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் இருப்பார். நானும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துகொள்வேன்.

போன வருடம் ஒரு சேலஞ்சர் (முதன்மை டூருக்கு அடுத்த நிலை) போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார், இரண்டு வாரம் கழித்து இன்னொன்றில் அரையிறுதி. ரேங்கிங் புள்ளி ஒரு வருடம்தான் நிற்கும், அந்தப் புள்ளிகள் இன்னும் ஏழெட்டு வாரத்தில் கழியப் போகின்றன. கழிந்தால் ரேங்கிங் நானூறை ஒட்டிப் போய்விடும், சேலஞ்சர் தகுதிச் சுற்றில்கூட இடம் உறுதியில்லை. அம்மாவும் அண்ணியும் "நீ சொன்னால்தான் கேட்பான்" என்கிறார்கள். அவரோ இதுவரை என்னிடம் இது பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சொல்லலாமா? எதை வைத்துச் சொல்வது? போதும் என்று முடிவெடுக்க ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

பேஸ்லைன் எழுதியது:

பதிலுக்கு முன் சில விவரம் வேண்டும். எப்படித் தோற்கிறார்? முதல் செட்டிலேயே அடி வாங்குகிறாரா, போகப் போகக் கை விட்டுப் போகிறதா? ஜெயித்த மறுநாள் எப்படி ஆடுகிறார்? அப்புறம் முக்கியமான ஒன்று, பயிற்சிக்கு யார் யாரை எழுப்புகிறீர்கள்?

இளையவன் எழுதியது:

நோட்டைப் புரட்டினேன். கடைசி ஏழு மாதத்தில் 14 போட்டி, 22 ஆட்டம், 8 வெற்றி. அந்த எட்டு வெற்றிக்கும் அடுத்த ஆட்டம் எட்டுமே தோல்வி. ஒரு போட்டியில்கூடத் தொடர்ந்து இரண்டு ஜெயிக்கவில்லை. இதை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. அந்த எட்டுத் தோல்வியில் ஐந்தில் முதல் செட்டை அவர்தான் எடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் வலது கைக்காரர். சர்வ் அடித்துவிட்டு உடம்பு முழுக்க இடது காலில்தான் வந்து இறங்கும். இரண்டாம் செட் நடுவில் டாஸ், அதாவது சர்வுக்குப் பந்தை மேலே எறிவது, தாழ்ந்துவிடுகிறது, குதிப்பதே இல்லை. பந்து வலையில் போய் விழுகிறது.

பயிற்சிக்கு எழுப்புவது அவர்தான். நான் கோர்ட்டுக்குப் போகும்போது ஏற்கனவே கூம்புகளை வைத்து அடிவைப்புப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்.

தசைநார் எழுதியது:

பல வருடம் வீரர்களோடு பயணம் செய்த பிசியோதெரபிஸ்ட் நான். உங்கள் நோட்டிலேயே பாதி பதில் இருக்கிறது, தம்பி.

வயதானால் வேகம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வேகம் குறைவது உண்மை. எதிராளி அடிக்கும் கணத்தில் சின்னதாகக் குதித்து நின்று, முதல் அடி வைக்கிறோமே, அந்த வெடிப்பு குறையும். ஆனால் அனுபவம் அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். பந்து எங்கே வரும் என்று 36 வயதுக்காரருக்கு 20 வயதுக்காரரைவிட முன்னாலேயே தெரியும். ஈடுகட்ட முடியாதது மீட்சிதான். இரண்டரை மணி நேரம் ஆடிய மூட்டு 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வர வேண்டும். மெனிஸ்கஸ் என்பது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபிறகு சுமை நேராகக் குருத்தெலும்பில் இறங்கும். ஆடும்போது உடம்பு சூட்டில் தெரியாது. இரவில் மூட்டு வீங்கும், மறுநாள் வீங்கிய மூட்டோடு ஆட வேண்டும். வீங்கிய முழங்காலுக்குத் தொடையின் முன்தசை சரியாக வேலை செய்யாது. டாஸ் தாழ்வதற்கும் குதிக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுதான். எட்டுக்கு எட்டு என்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதை வைத்து உடனே "நிறுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில் மெல்போர்னில் இடுப்பு வலியால் அழுதுகொண்டே பேசியபோது அவர் கதை முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த மாதமே இடுப்பில் உலோகம் பொருத்தினார்கள். அதே வருடம் அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார். கடைசியாக ஆடியது 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில், இரட்டையரில். அந்த ஐந்து வருடத்தில் பழைய உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் அது அவர் விரும்பி ஆடிய ஐந்து வருடம்.

மறுபக்கமும் உண்டு. நடால் 2022 பிரெஞ்சு ஓப்பனைப் பாதத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு வென்றார். 14ஆவது முறையாக அங்கே வெல்லும் வாய்ப்பு எதிரே இருந்தது, அதற்காக அந்த விலையைக் கொடுத்தார். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்காக அதே ஊசி என்றால் நான் தடுப்பேன். அண்ணன் வலி மாத்திரை எத்தனை எடுக்கிறார், ஊசி எத்தனை போட்டார் என்று கேளுங்கள். அறுவை செய்த மருத்துவரிடம் "ஆடலாமா" என்று மட்டும் கேட்டால் போதாது. "இப்படியே இரண்டு வருடம் ஆடினால் 50 வயதில் இந்தக் கால் எப்படி இருக்கும்" என்று கேட்க வேண்டும். அண்ணன் தன் வாயால் கேட்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

முதல்வரிசை எழுதியது:

நான் வெறும் ரசிகன்தான். என் கருத்து, மரியாதை இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். சாம்ப்ராஸைப் பாருங்கள், 2002 யுஎஸ் ஓப்பனை வென்றார், அதன்பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆஷ் பார்ட்டி முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில், 2022இல் விலகினார். பிடித்த வீரர் தகுதிச் சுற்றில் தடுமாறுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பேஸ்லைன் எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சாம்ப்ராஸ் உதாரணம் எதிர்ப்பக்கம் பேசுகிறது. 2000 விம்பிள்டனுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் அவருக்கு ஒரு பட்டம்கூட இல்லை. 2002 விம்பிள்டனில் இரண்டாம் சுற்றிலேயே பாஸ்ட்லிடம் தோற்று, வெளிக்கோர்ட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மரியாதையோடு போகச் சொல்லி அப்போது எத்தனை பேர் எழுதினார்கள்! அதைக் கேட்டு விலகியிருந்தால், இரண்டு மாதம் கழித்து அகாஸியை இறுதியில் வென்ற அந்த ராத்திரி நடந்தே இருக்காது. ஜெயித்த பிறகும் உடனே அறிவிக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் யோசித்து, பயிற்சிக்குப் போக மனசே வரவில்லை என்று தெரிந்தபிறகு, 2003இல்தான் சொன்னார். மேலே நான் எழுப்புவது பற்றிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். இளையவனின் அண்ணனுக்கு ஆசை முழுசாக இருக்கிறது. பார்க்கிறவனுக்கு வலிக்கிறது என்பது அவர் விலகக் காரணமாகாது.

வலையோரம் எழுதியது:

நான் ஆடியவன். ஒரு காலத்தில் 200க்குள் இருந்தேன், 34 வயதில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதுகூடச் சரியில்லை, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. ராக்கெட் பை ஒன்பது மாதம் கதவுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. ஒருநாள் திறந்தபோது, கடைசி ஆட்டத்தில் நெற்றியில் கட்டிய பட்டை உள்ளே காய்ந்து விறைத்திருந்தது. என் கடைசி ஆட்டம் எது என்று ஆடும்போது எனக்குத் தெரியாமல் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது. தோற்றது உறுத்தவில்லை.

அதனால் தேதியை அண்ணனே குறிக்கட்டும். சானியா மிர்சா 2022தான் கடைசி சீசன் என்று முன்பே சொன்னார். நடுவில் முழங்கைக் காயம் வந்து திட்டம் கலைந்தது. ஆனாலும் அப்படியே போய்விடவில்லை. 2023இல் மெல்போர்னில் கலப்பு இரட்டையர் இறுதி வரை ஆடி, பிப்ரவரியில் துபாயில் முடித்துக்கொண்டார். தேதி தள்ளிப்போகலாம், பரவாயில்லை. தேதி என்று ஒன்று இருந்தால் பயிற்சிக்கும் பயணச் செலவுக்கும் ஒரு எல்லை வரும்.

விதிமுறை இரண்டு சொல்கிறேன், அவசரத்தில் பலர் தவறவிடுவது. ஒன்று, காயத்தால் குறைந்தது ஆறு மாதம் எந்தப் போட்டியும் ஆடாமல் இருந்தால் பாதுகாக்கப்பட்ட ரேங்கிங் (திரும்பி வரும்போது போட்டிகளில் இடம் கேட்க உதவும் பழைய ரேங்கிங்) கேட்கலாம். காயத்தின் முதல் மூன்று மாத சராசரியை எடுத்துக்கொள்வார்கள். 287இல் இருக்கும்போதே அதற்குப் போவதும், 400க்கு இறங்கியபிறகு போவதும் ஒன்றல்ல. ஆனால் அந்த ஆறு மாதத்தில் இரட்டையர்கூட ஆடக்கூடாது. இரண்டு, ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர் ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், திரும்பி வர ஆறு மாதம் முன்பே தெரிவித்து, சோதனைக்கு உட்பட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே கோபத்தில், தோற்ற அன்று ராத்திரி, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இரட்டையர் எழுதியது:

ஒற்றையரை விடுவது டென்னிஸை விடுவது ஆகாதே, அதை ஏன் யாரும் இன்னும் சொல்லவில்லை? ரோகன் போபண்ணா முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தவர். 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையரை எப்டனோடு வென்றபோது அவருக்கு 43 வயது, உலக முதலிடமும் அப்போதுதான் கிடைத்தது. நவ்ரதிலோவா 2006இல் யுஎஸ் ஓப்பன் கலப்பு இரட்டையரை வென்றபோது 50ஐத் தொட ஒரு மாதம்தான் பாக்கி.

ஆண்கள் டூரிலும் சேலஞ்சரிலும் இரட்டையரில் டியூஸ் (40-40) வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும், கோர்ட்டில் பாதியைப் பார்த்தால் போதும். இந்த முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சும்மா கிடைக்காது. இருவரின் ரேங்கிங்கையும் கூட்டித்தான் இடம் தருவார்கள், வாராவாரம் ஆள் மாற்றினால் ஒன்றும் நிற்காது. வலையருகே கை வேகம் தனிப் பயிற்சி. கோர்ட்டின் பின்கோட்டிலிருந்தே ஆடிப் பிழைத்தவர் என்றால் ஆறு மாதம் தடுமாறுவார், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தசைநார் எழுதியது:

இதை ஏற்கிறேன். ஆனால் இரட்டையரிலும் சர்வ் அடித்து இடது காலில்தான் இறங்க வேண்டும். தொடை முன்தசை வலுப் பயிற்சியை ஒருநாள்கூட விடக்கூடாது.

பேஸ்லைன் எழுதியது:

எப்படிச் சொல்வது என்றுதானே கேட்டீர்கள்? முடிவைச் சொல்லாதீர்கள், பார்த்ததைக் காட்டுங்கள். அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். தோற்ற நாளில் வேண்டாம், போட்டி இல்லாத வாரமாகப் பாருங்கள்.

இளையவன் எழுதியது (ஒன்பது வாரம் கழித்து):

உதவிய எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

பேஸ்லைன் சொன்னபடி நோட்டைக் கொடுத்தேன். அந்த எட்டு ஆட்டங்களுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டிருந்தேன், வேறு எதுவும் எழுதவில்லை. ராத்திரி வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார். காலையில் திருப்பிக் கொடுத்தபோது ஒன்பதாவதாக ஒரு கோடு இருந்தது. நான் காய்ச்சலில் கூடப் போகாத ஒரு போட்டி, அதை அவரே சேர்த்திருக்கிறார். "நீ எண்ணுவதற்கு முன்னாலேயே நான் எண்ணிவிட்டேன்டா" என்றார். இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்ததற்கு என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பதுதான் காரணமாம். நானும் அதே காரணத்துக்காகத்தான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவரிடம் போனோம். 50 வயதுக் கேள்வியை அவரே கேட்டார். தொடர்ந்து இரண்டு நாள் ஒற்றையர் ஆடுவது இனி மிச்சமிருப்பதையும் தேய்த்துவிடும், இடைவெளி விட்டு இரட்டையர் ஆடிப் பார்க்கலாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படம் எடுக்கலாம் என்றார். பாதுகாக்கப்பட்ட ரேங்கிங் பற்றியும் பேசினோம். ஆறு மாதம் கோர்ட்டுக்கு வெளியே உட்கார அவருக்கு இஷ்டமில்லை.

புள்ளிகள் கழிந்துவிட்டன, ரேங்கிங் இப்போது 391. ஒற்றையரில் இன்னும் ஒரே ஒரு போட்டி ஆடுவார், 19 வயதில் முதல் ரேங்கிங் புள்ளி எடுத்த அதே போட்டி, அடுத்த மாதம். அம்மாவும் அண்ணியும் வருகிறார்கள். இரட்டையருக்கு ஒரு இடது கைக்காரர் சம்மதித்திருக்கிறார், அவருக்கு 33 வயது. ஓய்வுக் காகிதம் எதுவும் கொடுக்கவில்லை.

இப்போது படி இறங்கும்போது என் தோளில் கை வைத்துக்கொள்கிறார்.

இரட்டையர் அவர்களுக்கு ஒரு கேள்வி. அண்ணனுக்கு இரண்டு கை பேக்ஹேண்ட் ரிட்டர்ன்தான் பலம், அதனால் இடது பக்கம் நிற்க ஆசைப்படுகிறார். ஜோடி இடது கைக்காரர் என்பதால் இருவருடைய போர்ஹேண்டும் நடுவுக்கு வந்துவிடுகிறது, ஓரத்துக்கு வரும் சர்வுக்கு இருவரும் பேக்ஹேண்ட்தான் ஆட வேண்டும். மாற்றி நின்றால் நல்லதா?

இரட்டையர் எழுதியது:

மாற்ற வேண்டாம். ஓரத்துக்கு இழுக்கும் சர்வ்தான் கஷ்டம், அதற்கு அண்ணனின் பலமான பேக்ஹேண்ட் தயாராக இருக்கும். நடுவில் வரும் பந்துக்கு இரண்டு போர்ஹேண்ட் இருப்பது நல்லதுதான், யார் எடுப்பது என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். முதல் மூன்று வாரம் ரிட்டர்னும் முதல் வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) மட்டும் போடுங்கள்.