எஸ்டிஎஸ்-94: தீப்பந்துகளை ஆராய ஏழு பேர் விண்ணுக்குச் செல்ல வேண்டுமா?

வானோக்கி:
1997 ஏப்ரல் 4 அன்று, எடையற்ற நிலையில் சோதனைகள் செய்வதற்கான நுண்ணீர்ப்பு ஆய்வுக்கூடத்தைச் சுமந்துகொண்டு கொலம்பியா விண்ணோடம் ஏழு பேருடன் புறப்பட்டது. எரிபொருள் மின்கலம் ஒன்றில் கோளாறு தென்பட்டதால், பதினாறு நாள் பயணம் நான்கு நாட்களில் முடிந்தது. அதே குழுவும் அதே கருவிகளும் ஜூலை 1 அன்று எஸ்டிஎஸ்-94 பயணமாக மீண்டும் அனுப்பப்பட்டன. ஏப்ரல் பயணத்தில் அவ்வளவு சீக்கிரம் திரும்ப நேர்ந்தது குழுவின் பாதுகாப்புக்காகவே. தானியங்கிக் கலத்துக்கு உரிய வேலையை மனிதர்களிடம் ஒப்படைத்தது தவறு என்பதே என் கருத்து.

சுடரொளி:
நண்பரே, அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எடையற்ற நிலையில் சூடான வாயு மேலெழுவதில்லை. ஆகவே, மிகக் குறைந்த எரிபொருள் கொண்ட சில கலவைகளில் சுடர் அசையாத சிறு பந்தாக நிற்கக்கூடும். சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் 1944-இல் கணக்கிட்டுச் சொன்ன இத்தீப்பந்துகளை, பொருளை உயரத்திலிருந்து விழவிட்டு எடையற்ற நிலையை உண்டாக்கும் வீழ்கோபுரங்களில் நெடுநேரம் பார்க்க முடியாது. ஜெர்மனியின் பிரெமன் கோபுரத்தில் ஒரு பொருளைக் கீழே விட்டால் ஐந்து வினாடிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. சுற்றுப்பாதையிலோ, சோதனைக்கு வகுக்கப்பட்ட 500 வினாடிகளும் அவை எரிந்தன. ஏறத்தாழ ஒரு வாட் ஆற்றலே வெளியிடும் அவ்வளவு மெல்லிய சுடர்கள் அவை! எரிதல் எந்த எல்லையில் அணைகிறது என்பதை அறிய இதைவிடத் தூய்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

வானோக்கி:
சோதனையின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் விண்ணோடத்தின் உந்துபொறிகள் இயங்கியபோது அப்பந்துகள் இடம்பெயர்ந்தன. ஆட்களின் நடமாட்டமும் உடற்பயிற்சியும் அதிர்வை உண்டாக்குகின்றன. 2024 பிப்ரவரியில் தரையிறங்கிய வார்டா நிறுவனத்தின் ஆளில்லாக் கலம், எச்.ஐ.வி. நோய்க்கான ரிட்டோனவிர் மருந்தின் படிகங்களைக் கொண்டு வந்ததே!

சுடரொளி:
உந்துபொறிகள் ஆளில்லாக் கலங்களிலும் உண்டு. அதிர்வைப் பற்றிய உங்கள் வாதத்தை மட்டும் ஏற்கிறேன். வார்டாவுக்குத் தான் எதை உருவாக்கப் போகிறோம் என்பது முன்பே தெரியும். 1985-இல் விண்ணோடத்தில் ஆய்வுக்கூடம் சென்ற ஸ்பேஸ்லேப்-3 பயணத்தில், துளிகளின் இயக்கத்தை ஆராயும் தம் கருவி பழுதானபோது, இயற்பியலாளர் டெய்லர் வாங் சுற்றுப்பாதையிலேயே அதைச் சரிசெய்து சோதனையை நடத்தினார். 1992-இல் எஸ்டிஎஸ்-50 பயணத்தில் சென்ற ஆய்வாளர் லாரன்ஸ் டிலூகாஸ், புரதப் படிகங்கள் வளர்வதைக் கண்ணால் பார்த்து, அடுத்த கலவையை அங்கேயே மாற்றினார். முன்கூட்டி எழுதிய நிரலுக்கு அந்தத் தீர்மானம் எட்டாது.

வானோக்கி:
பழுதை நீக்க ஆள் வேண்டுமென்றால், இன்னொரு கருவியைச் செய்து அனுப்பலாம். தீப்பந்துச் சோதனை மீண்டும் இடம்பெற்ற எஸ்டிஎஸ்-107 பயணமும் முழுக்க ஆய்வுக்கானதே. 2003 பிப்ரவரி 1 அன்று அதில் சென்ற எழுவரும் மாண்டார்கள். படிகங்களுக்காகவும் சுடர்களுக்காகவும் அந்த விலையைக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

சுடரொளி:
அந்த இழப்பு என்னையும் வருத்துகிறது. எனினும், விண்ணோடத்தின் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு அதன் இடது இறக்கையை உடைத்ததுதான் அதற்குக் காரணம், ஆய்வு அன்று. அப்படிப் பெயரும் துண்டுகள் தாக்காதபடி உந்துகலத்தின் (ராக்கெட்டின்) உச்சியில், தப்பிக்கும் அமைப்போடு கூடிய சிறு கலத்தில் ஆய்வாளர்களை அனுப்பினால் அப்போதும் எதிர்ப்பீர்களா? உங்கள் மறுப்பு வாகனத்தின் மீதா, மனிதர் செல்வதன் மீதா என்பதைத் தெளிவாக்குங்கள்.