ஊசி, ஸ்கேன், வார்டு: உடம்பு முடியாத பிள்ளைகளின் பதற்றத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நெல்லைப் பக்கத்து அம்மா:

என் மகளுக்கு எட்டு வயது. டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்று சொல்வார்களே, 22க்யூ11 டிலீஷன், அதுதான். இருபத்திரண்டாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அது இல்லாமல் போனதில் வந்தவை ஏராளம்: பிறவியிலேயே இதயக் கோளாறு (ஃபாலோ டெட்ராலஜி, கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் ஆகிவிட்டது), அண்ணத்தில் பிரச்சினை, அதனால் மூக்கால் பேச்சு, அடிக்கடி சளி, கால்சியம் குறைவு. ஒவ்வொரு டாக்டராகப் பார்த்து இதையெல்லாம் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு பதற்றம் வந்து முன்னால் நின்றுகொண்டது. எக்கோவுக்கு (இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன்) நாள் குறித்தால் முந்தின நாளே வாந்தி, இரவு முழுக்கத் தூக்கம் கிடையாது. பாத்ரூம் வாசலில்கூட நான் நிற்க வேண்டும். ஸ்கூல் வேனில் ஏற மாட்டாள், ஏனென்றால் வேன் போகிற வழியில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

"பயந்த சுபாவம்மா, வளர வளரச் சரியாயிடும்" என்றார் ஒரு டாக்டர். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு கிடக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மரபணு டாக்டர்தான் தெளிவாகச் சொன்னார்: இந்த டிலீஷன் உள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் கடுமையான பதற்றம் இருக்கும், வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், ஆனால் மனசுதான் காரணம் என்று முடிவு கட்டும் முன் கால்சியத்தைப் பாருங்கள் என்று. இவளுக்குப் பாராதைராய்டு, அதாவது ரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருக்கிற கழுத்துச் சுரப்பி, சரியாக வேலை செய்யாது. கால்சியம் இறங்கினால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மதமதப்பு, கை கால் இழுத்துப் பிடிப்பது, கூடவே காரணமில்லாத படபடப்பும் எரிச்சலும். ரொம்பவும் இறங்கினால் வலிப்பே வரலாம். காய்ச்சல், ஆபரேஷன் மாதிரி உடம்புக்குச் சிரமம் வரும் நேரத்தில் அது எளிதாக இறங்கும் என்பதால், பயத்தில் நடுங்குகிறாளா கால்சியம் குறைந்து நடுங்குகிறாளா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த ரத்தம் எடுக்கத்தான் பயமே. தைராய்டும் சேர்த்துப் பார்த்தார்கள். கால்சியம் கொஞ்சம் குறைவாக இருந்தது, மருந்தைக் கூட்டியதும் நடுக்கம் குறைந்தது. பயம் போகவில்லை.

அப்புறம்தான் குழந்தைகள் மனநல டாக்டர். அந்தப் பெயரைச் சொன்னதும் வீட்டில் சில நாள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் மாத்திரை எழுதும் முன் ஈசிஜி கேட்டார், இதய டாக்டரிடமும் போனில் பேசினார். கால்சியம் குறைந்தாலே ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மறுபடி தயாராகிற நேரம், ரொம்ப நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) நீளும், பதற்றத்துக்குக் கொடுக்கிற சிட்டலோபிராம் மாதிரிச் சில மாத்திரைகள் அதை இன்னும் நீட்டலாம், அதனால் எந்த மாத்திரை என்பதை இரண்டு பேரும் கலந்து முடிவு செய்தார்கள். செர்ட்ராலைன், மிகக் குறைந்த அளவில். தலைவலிக்குப் போடுகிற மாத்திரை மாதிரி உடனே கேட்காது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும், அந்த ஆரம்ப வாரங்களில் தூக்கம் கெடுகிறதா, இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறாளா, ஏடாகூடமாக ஏதாவது பேசுகிறாளா என்று கவனிக்கச் சொன்னார்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்கள்.

மாத்திரையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது சைக்காலஜிஸ்ட் செய்த வேலை. எதற்குப் பயம் என்று வாயால் கேட்காமல் படம் வரையச் சொன்னார். ஊசியை வரைவாள் என்றுதான் நானும் இவரும் நினைத்தோம். இவள் பேப்பர் முழுக்கக் கறுப்பு க்ரேயானைத் தேய்த்துவிட்டு நடுவில் ஒரு கட்டிலை வரைந்தாள். எக்கோ ரூமில் விளக்கை அணைக்கிறார்களே, அது! கூடவே நெஞ்சில் தடவுகிற ஜெல்லின் ஜில்லிப்பு. அடுத்த முறை டெக்னீஷியனிடம் சொன்னதும், அவர் ஜெல் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்திருந்தார், கதவையும் ஒருக்களித்து வைத்தார். இத்தனை காலமும் நாங்கள் ஊசிக்குத்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு படிப்படியாகப் பழக்கியது. முதலில் ஆஸ்பத்திரித் தெருமுனை டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவது. அது பழகினதும் கேட் வரை. அதற்கப்புறம் ஓ.பி. ஹாலில் உட்கார்ந்து ஃபேன்களை எண்ணுவது. ஒவ்வொரு இடத்திலும் பயம் தானாகக் கொஞ்சம் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், உச்சத்தில் இருக்கும்போது தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் ஓடினதால்தான் தப்பித்தோம் என்று பிள்ளை மனசில் பதிந்துவிடும் என்றார். பெற்ற மனசுக்கு இதுதான் கஷ்டம். வேனில் இப்போது ஏறுகிறாள், ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற ஜன்னலில் மட்டும் உட்கார மாட்டாள். இருக்கட்டும்.

தர்மபுரி, ஒரு அப்பா:

அக்கா, என் பையனுக்குத் தலசீமியா மேஜர், உடம்பில் நல்ல ரத்தம் போதுமான அளவு ஊறாத பிறவி நோய். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் எங்களுக்கு ஆஸ்பத்திரியைப் படிப்படியாகப் பழக்குகிற வசதியெல்லாம் கிடையாது, போயே ஆகவேண்டும். எங்களைக் காப்பாற்றியது மரத்துப்போகிற க்ரீம். லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்தது, மருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் டாக்டரிடம் அளவு கேட்டுத்தான் போட வேண்டும், அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகிற விதமே கெடும், சின்னக் குழந்தைகளுக்கும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் ரொம்பக் கவனம். நிறையப் பேர் சிஸ்டர் ஊசியோடு வந்து நிற்கும்போது தடவிவிட்டு, இது வேலைக்கு ஆகாது என்கிறார்கள். ஒரு மணி நேரம் தோலில் ஊற வேண்டும். நான் பஸ் ஏறும் முன்பே வீட்டில் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டிவிடுவேன். எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று தெரியாததால் ரெண்டு புறங்கையிலும். க்ரீமால் நரம்பு கொஞ்சம் சுருங்கித் தோல் வெளுத்திருக்கும், அதனால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் கையைத் தொங்கப்போட்டு வைத்தால் நரம்பு எழும்பும்.

ஊசி போட்ட பிறகு மணிக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டுமே, அங்கேதான் இவனுக்கு யோசனை ஓட ஆரம்பிக்கும். பக்கத்துக் கட்டிலில் வழக்கமாக வருகிற பையன் வரவில்லை என்றால் "அவன் செத்துட்டானாப்பா?" என்பான். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. சிஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நிஜமாகவே எழுந்து போய்க் கேட்டுவிட்டு வருவேன். பெரும்பாலும் தேதி மாறியிருக்கும்.

சென்னை அம்மா:

எங்களுக்கு டைப் ஒன் சர்க்கரை, கூடவே கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக். வியர்வை, நடுக்கம், படபடப்பு மூன்றும் சர்க்கரை லோ ஆனாலும் வரும், பயந்தாலும் வரும். அதனால் வீட்டில் ஒரே சட்டம்: முதலில் விரலில் குத்திப் பார், 70க்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ், இல்லையென்றால் பேசலாம். இதுவும் ஒரு பக்கம்தான். ஒருமுறை கிளாஸில் லோ ஆகி விழுந்ததிலிருந்து, எங்கே திரும்ப விழுந்துவிடுவோமோ என்று யாருக்கும் தெரியாமல் மிட்டாய் தின்று சர்க்கரையை ஏற்றியே வைத்திருக்கிறாள். டாக்டர் திட்டுகிறார், இவள் இன்னும் ஒளித்துத் தின்கிறாள். திட்டினால் போகிற பயமா இது? இன்சுலின் அளவைக் கூட்டுவதற்கு முன் அந்தப் பயத்துக்கு ஆள் பார்க்க வேண்டும் என்று நான்தான் சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரு கேள்வி: ஆஸ்பத்திரி போகப்போவதை எத்தனை நாள் முன்னால் பிள்ளையிடம் சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், கோவை:

பிள்ளைகள் வார்டிலேயே ரொம்ப காலம் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடாத பிள்ளையிடம் "சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன் பாரு" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். எனக்குப் பார்வையாளர் நேரத்தில் தினமும் காதில் விழுந்த வசனம் அது. நாங்கள் தண்டனை கொடுக்க வருகிறவர்கள் என்று நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளை கையைக் காட்ட மாட்டேன் என்கிறது என்றால் என்ன செய்வது. வலிக்காது என்றும் சொல்ல வேண்டாம். சுருக்கென்று வலிக்கும், நீ அஞ்சு எண்ணும்போது எடுத்துடுவாங்க என்று சொல்லுங்கள்.

நாலு பேர் அமுக்கிப் படுக்கவைப்பதைவிட, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினால் எங்களுக்கும் குத்துவது எளிது. வார்டில் அனுமதிப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். பேசுவது ஒருவர் மட்டும் பேசட்டும், அப்பா ஒருபக்கம் பாட்டி ஒருபக்கம் சிஸ்டர் ஒருபக்கம் என்று கத்தினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஒருவருக்கு இரண்டு தடவை நரம்பு கிடைக்கவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்பதில் தப்பில்லை.

மருந்தாலும் படபடப்பு வரும். வீசிங்குக்கு சால்பூட்டமால் வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். சிறுநீரில் புரதம் போகிற பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும்போது தூக்கமும் குணமும் மாறும், அதைக் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

நெல்லைப் பக்கத்து அம்மா:

சிஸ்டர் சொன்ன மடியில் வைக்கிற முறையை அடுத்த தடவை கேட்டுப் பார்க்கிறேன், நன்றிம்மா.

தனியாரில் காசு கட்ட முடியாதவர்கள், உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவையும், பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளைப் பார்க்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும் கேளுங்கள். ராத்திரி நேரத்தில் உங்களுக்கே முடியவில்லை என்றால் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சென்னை அம்மா கேட்டதற்கு: நாங்கள் முந்தின நாள் ராத்திரி, சாப்பிட்ட பிறகு சொல்கிறோம். முன்னால் சொன்னால் சாப்பாடு இறங்காது, காலையில் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை அழுகை. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அன்று காலையே போதும் என்கிறார் எங்கள் சைக்காலஜிஸ்ட், உங்கள் பெண் மாதிரிப் பெரியவர்களுக்குச் சில நாள் முன்னால் சொல்லி, கேள்வி கேட்க நேரம் கொடுப்பது நல்லதாம். சொல்லும்போது ரத்தம் எடுப்பார்களா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் தெரியாது, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.