குடல் அழற்சி திடீரென்று கூடும் நேரத்தில் (ஃப்ளேர்) ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்:
க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய், எட்டு வருஷமாக. போன வைகாசியில் ஆசனவாய்ப் பக்கம் சீழ் கட்டி, எம்ஆர்ஐ எடுத்ததில் ஃபிஸ்டுலா, அதாவது குடலிலிருந்து தோலுக்குப் புரையோடிய வழி, என்று வந்தது. சீழை வெளியே எடுத்துவிட்டு சிப்ரோ, மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து எழுதினார்கள். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் பழகிய சமாச்சாரம்தான். எனக்கு மனசை விட்டுப் போகாதது நாலாம் நாள் காலை. முதல் டிகாஷன் காபி எப்போதும் எனக்குத்தான் வரும். ஒரு வாய் வைத்தேன், துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி இருந்தது. "பாத்திரத்தை ஒழுங்காக் கழுவ மாட்டியா" என்று மனைவியிடம் கத்திவிட்டேன். அவள் பதில் பேசாமல் அதே டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு, "காபி நல்லாத்தான் இருக்கு, உங்க வாய்தான் சரியில்ல" என்றாள். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை அப்புறம்தான் பிரித்துப் படித்தேன், வாயில் உலோகச் சுவை வரலாம் என்று மெட்ரோனிடசோலுக்குப் போட்டிருந்தது. பதினாலு நாளில் கசிவு பாதியாகக் குறைந்தது, நிறுத்திய மூணாவது வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சியை அடக்கும் மருந்து போட ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது. மனைவியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மல்லிகைப்பந்தல்:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் வரும் நோய். நான் ஃப்ளேருக்கு ஆன்டிபயாட்டிக் எடுக்கவில்லை, ஆன்டிபயாட்டிக் எடுத்துத்தான் "ஃப்ளேர்" வந்தது. கடைவாய்ப் பல் வீங்கி ஐந்து நாள் கிளிண்டமைசின் சாப்பிட்டேன். அடுத்த வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மோஷன், காய்ச்சல். பழைய ஃப்ளேர்தான் என்று நினைத்து அலமாரியில் மிச்சம் கிடந்த பிரெட்னிசலோன் ஸ்டீராய்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன், திட்டாதீர்கள், எல்லோரும் திட்டியாயிற்று. அட்மிட் ஆன ராத்திரி டூட்டி டாக்டர், சின்னப் பெண், "கடைசியா என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். எதுவும் இல்லை என்றேன். பல்லுக்குச் சாப்பிட்டதெல்லாம் கணக்கில் வரும் என்று யாருக்குத் தெரியும்? மலத்தைச் சோதித்ததில் சி.டிஃப் நச்சு பாசிட்டிவ், ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு குடலில் பெருகுகிற கிருமியாம் அது. சிஸ்டர் வான்கோமைசின் ஊசிக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார், நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். "கையை மடக்குங்கம்மா, இது குடிக்கிறதுக்கு" என்றார். ஊசி மருந்தைத் தண்ணீரில் கலக்கி நாளுக்கு நாலு வேளை குடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கசப்பு என்றால் வேப்பங்கொழுந்து பரவாயில்லை. பத்து நாள்.

குதிகால்செல்வம்:
மேலே ரெண்டு பேரும் மாத்திரை மேலே பழியைப் போடுகிற மாதிரி இருக்கிறது. திருச்சி சார், உங்களுக்குப் பாதி குறைந்ததே, அது கணக்கில்லையா? க்ரோன்ஸுக்கு மூலகாரணமே ஒரு கிருமி என்று நான் நம்புகிறேன், நீளமாகக் கொடுத்தால்தான் வேலை செய்யும், பதினாலு நாளில் என்ன தெரியும். இத்தனைக்கும் சிப்ரோ எனக்கு என்ன பண்ணியது என்றால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அப்போது ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, ஓடிப்போய்ப் படியில் கால் வைத்து எம்பினேன். பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி "பட்" என்று சத்தம். திரும்பி, எனக்குப் பின்னால் நின்ற பையனை முறைத்தேன், பாவம் அவன் கையில் காலேஜ் பை மட்டும்தான் இருந்தது. குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. சிப்ரோ வகை மருந்தில் அப்படி ஆகும், ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று கட்டுப் போடும்போது சொன்னார்கள். முன்னாடியே சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். இன்னமும் கிருமிதான் காரணம் என்பேன்.

ஆரஞ்சுமிட்டாய்:
செல்வம் அண்ணா, கிருமி என்று நீங்கள் சொல்வதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண், ஸ்கோப்பில் பார்த்து க்ரோன்ஸ் என்றார்கள். இரண்டு வருஷம் அதற்குத்தான் மருந்து. எடை இறங்கிக்கொண்டே போயிற்று. வேறு ஒரு டாக்டர் பழைய பயாப்ஸியைத் திரும்பப் பார்த்துவிட்டு, நம்ம ஊரில் குடல் காசநோயும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும், டிபி மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டாம் நாள் விடியற்காலை பாத்ரூமிலிருந்து அம்மா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் சிறுநீர் ஃபேண்டா கலரில் இருக்கிறது. ரத்தம் என்று நினைத்து, "தாலி பாக்கியம் போதும், பிள்ளையப் பாத்துக்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தைப் போட்டால் அந்தக் கலர் வரும் என்று டாக்டர் எங்களிடம்தான் சொன்னார், நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆறு மாசம் கழித்து ஸ்கோப்பில் புண் ஆறியிருந்தது. அப்படியென்றால் அது க்ரோன்ஸே இல்லை. அந்த இரண்டு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஓய்வுபெற்றவாத்தியார்:
பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலிலேயே பை தைத்து வைத்திருக்கிறார்கள் எனக்கு. அந்தப் பை அவ்வப்போது வீங்கும், சிப்ரோ இரண்டு வாரம், அடங்கிவிடும். என் கதை அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செல்வம் தம்பி, உங்கள் கிருமிக் கொள்கையை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று. மாட்டுக்கு வருகிற ஒரு மைக்கோபாக்டீரியம்தான் க்ரோன்ஸுக்கும் காரணமா என்று ஆஸ்திரேலியாவில் 213 பேருக்குச் சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஸ்டீராய்டு, ஒரு பாதிக்கு அதோடு கிளாரித்ரோமைசின், ரிஃபாபியூட்டின், கிளோஃபாசிமின் என்ற மூன்று கிருமிக்கொல்லி மருந்துகளையும் இரண்டு வருஷம். 16ஆம் வாரம் அந்தப் பாதி கொஞ்சம் தேறியது, ஆனால் போகப்போக அந்தப் பலன் நிலைக்கவில்லை. 2007இல் வெளிவந்தது. நீளமாகக் கொடுத்தால் என்கிறீர்களே, இரண்டு வருஷம் போதாதா?

மல்லிகை, நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை, ஆனால் திடீரென்று மோஷன் கூடினால் ஸ்டீராய்டைத் தொடும் முன் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். உங்களுக்கு இருக்கிற கொலைட்டிஸுக்கு, வேறு தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக்கால் பெரிய பிரயோஜனம் கிடையாது. சீழ், ஃபிஸ்டுலா, என்னை மாதிரிப் பை, இங்கேதான் அதற்கு வேலை. மெடிக்கலில் போய் "லூஸ் மோஷன், ஏதாவது கொடுங்க" என்று கேட்டு ஆஃப்லாக்சசின் அட்டை வாங்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், ஆரஞ்சுமிட்டாய் இதைக் கவனிக்கவும். மெட்ரோனிடசோல் நாள்கணக்கில் போகும்போது பாதம் மரத்தால், செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஓடும்போது மது கூடாது. சிப்ரோவைப் பால், தயிர், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம் பழைய சோறு...

திருச்சிக்காரன்:
வாத்தியார் சார், பழைய சோற்றை அப்புறம் பார்த்துக்கொள்வோம். பாலோடு சேர்க்கக் கூடாதா? பதினாலு நாளும் நான் அந்தத் துருக் காபியோடுதான் முழுங்கினேன்.