மறு: 'புரோக்ரெஷன்' என்பதற்கு 'நோய் முன்னேற்றம்' சரியா?

குழுவினருக்கு வணக்கம். நோய் மெல்ல மோசமாவதை ஆங்கிலத்தில் 'புரோக்ரெஷன்' என்கிறார்கள். அதை 'நோய் முன்னேற்றம்' என்று தமிழாக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) மருந்தாய்வின் ஒப்புதல் படிவத்தில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: "நோயில் முன்னேற்றம் உறுதியானால் வேறு மருந்துக்கு மாற்றப்படுவீர்கள்." 'இப்போது நல்ல முன்னேற்றம்' என்றால் உடம்பு தேறுகிறது என்றுதான் எந்த வீட்டிலும் பொருள். கையெழுத்திடுபவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். இந்தச் சொல்லை விட்டே ஆகவேண்டும்.

'முற்றுதல்' பேச்சில் உள்ள சொல்தான். ஆனால் 'முத்திப்போச்சு' என்றால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று காதில் விழும். இங்கே அளக்கப்படுவதோ சிறு நகர்வு. இந்நோயில் இயலாமையை அளக்கும் இடிஎஸ்எஸ் அளவுகோல் 0 முதல் 10 வரை, பெரும்பாலும் அரைப் புள்ளி அரைப் புள்ளியாகப் போகும். எண் கூடினால் இயலாமை கூடியது என்று பொருள். 6 என்றால் ஒரு கோலூன்றி ஏறத்தாழ 100 மீட்டர் நடை. 6.5 என்றால் இரு பக்கமும் ஊன்றி 20 மீட்டர். இந்த அரைப் புள்ளி நலிவுக்குத்தான் சொல் தேவை.

'ஏறுநலிவு' என்று முன்மொழிகிறேன்.

---

> 'ஏறுநலிவு' என்று முன்மொழிகிறேன்.

ஐயா, இது ஆகாது. கில்லன்-பாரே நோயில் பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத்தசை வரை போனால் உயிருக்கே ஆபத்து. நரம்பியல் பிரிவில் 'ஏறுநலிவு' என்றதும் அதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. நோய் திடீரெனத் திரும்பத் தாக்கும் 'ரிலாப்ஸ்' என்பதற்குச் சொல் முடிவாகாமல் இதை முடிக்க இயலாது. 'மீள்தாக்கம்' என்று எழுதுகிறோம். 'மீள்' என்றாலே குணமாவதும் நினைவுக்கு வருகிறது. 'மறுதாக்கம்' தெளிவு. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி தோன்றியோ பழைய அறிகுறி கூடியோ 24 மணி நேரமாவது நீடித்தால் மறுதாக்கம். சிறுநீர்த் தொற்றாலோ வெயிலாலோ பழைய பார்வை மங்கல் தலைகாட்டினால் 'போலித் தாக்கம்'. அதற்கு ஸ்டீராய்டு ஏற்றக்கூடாது, தொற்றைத்தான் கவனிக்கவேண்டும்.

இரண்டு சொல்லும் ஏன் தனித்தனியே நிற்கவேண்டும் என்பதை டோலேப்ருடினிப் என்ற மருந்தின் ஆய்வுகளே காட்டுகின்றன. 2025-இல் வெளியான ஹெர்குலிஸ் ஆய்வில், மறுதாக்கம் ஓய்ந்து இயலாமை மட்டும் கூடிவந்தவர்களிடம், ஆறு மாதம் நிலைத்த இயலாமைக் கூடுதலின் வாய்ப்பை நாளுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை 31 விழுக்காடு குறைத்தது. (கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் இரத்தப் பரிசோதனை கட்டாயம், படிவத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.) அதே மருந்து ஜெமினி ஆய்வுகளில் மறுதாக்க எண்ணிக்கையைக் குறைப்பதில் டெரிஃப்ளூனோமைடு என்ற பழைய மருந்தை வெல்லவில்லை. தாக்கம் வேறு, நலிவு வேறு. மூளைக்குள் கனன்றுகொண்டிருக்கும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்புச் செல்களை இரண்டாவதற்குக் காரணமாகக் கருதுகிறார்கள்.

---

கில்லன்-பாரே எனக்குத் தோன்றவில்லை, 'ஏறு' போகட்டும். 'நலிவு' இருக்கட்டும். 'வளர்நலிவு' எப்படி? வளர்பிறை போல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் நலிவு என மூன்று காலமும் அடங்கும். நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாமல் கூடுவதும் அந்த ஒப்பில் வந்துவிடுகிறது.

மறுதாக்கத்தால் அன்றித் தானாகவே இயலாமை கூடுவதை ஆங்கிலத்தில் 'பைரா' (PIRA) என்கிறார்கள். அதைத் 'தாக்கமிலா வளர்நலிவு' எனலாமா?

---

வளர்நலிவு, முழு உடன்பாடு. 'தாக்கமிலா' மட்டும் பிழை. பைரா உள்ளவருக்கு மறுதாக்கமே வராது என்று பொருளாகிவிடும். வரலாம், ஆனால் இந்த நலிவு அதனால் வந்ததன்று. எனவே 'தாக்கம் சாரா வளர்நலிவு'.

'உறுதியான' என்பதற்கும் கெடு எழுதவேண்டும். தொடக்க இடிஎஸ்எஸ் அளவு 5 வரை இருந்தால் 1 புள்ளி, அதற்கு மேல் இருந்தால் அரைப் புள்ளி கூடி, அது ஆறு மாதம் கழித்தும் குறையாமல் இருந்தால்தான் கணக்கு. ஒரே நாளில் அளந்தால் அன்றைய அசதியும் வெயிலும் சேர்ந்துவிடும்.

படிவ வரி இப்படி: "உங்கள் நடையோ கை வலுவோ முன்பைவிடக் குறைந்து, ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் (உறுதியான வளர்நலிவு) வேறு மருந்துக்கு மாற்றப்படுவீர்கள்."