டாய்லெட் மூணு மீட்டர் நகர்ந்தா எத்தனை டிராயிங் மாறும்?

பிளம்பிங் கன்சல்டன்ட், வேளச்சேரி:
"டாய்லெட்டை மூணு மீட்டர் தள்ளியிருக்கோம், வேற சேஞ்ச் இல்லை"ன்னு ஆர்க்கிடெக்ட்கிட்டேருந்து மெயில் வரும். அந்த 'வேற சேஞ்ச் இல்லை'யை மட்டும் நம்பிடாதீங்க. ஷாஃப்ட், அதாவது குழாய்கள் மாடி மாடியா இறங்குற செங்குத்துப் பாதை, பழைய இடத்துலயே நிக்கும். 110 மி.மீ. சாயில் லைனுக்கு (கழிவுக் குழாய்) 40-க்கு 1 வாட்டம் கொடுத்தா மூணு மீட்டருக்கு 75 மி.மீ. இறங்கணும். 300 மி.மீ. சங்கன்ல (குழாய் ஓட டாய்லெட் ஸ்லாபை இறக்கிப் போடுற பள்ளம்) கணக்குப் போடுங்க: அடியில வாட்டர்ப்ரூஃபிங்கும் அதுமேல மட்டம் பண்ற கலவையும் 40, குழாய் 110, வாட்டம் 75, மேல டைல் பதிக்கிற கலவையும் டைலும் 50. ஆச்சு 275. மிச்சம் 25-ல கிளாசெட்டைக் குழாயோட சேர்க்கிற பெண்ட் எங்க ஏறும்? சைட்ல வாட்டத்தைக் குறைச்சுடுவாங்க. அப்புறம் அடைப்பு, பழி பிளம்பர் தலையில.

ஷாஃப்டையே தள்ளலாம்னா எல்லா மாடியிலும் தள்ளணும். தரைத்தள ஸ்டில்ட்ல அது கார் நிக்கிற இடத்துக்கு நடுவுல இறங்கும்.

ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர், அசோக் நகர்:
சார், லோடையும் சேர்த்துக்கோங்க. அந்த 300-ஐ செங்கல் ஜல்லி போட்டு நிரப்பினா சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ. வீட்டு டாய்லெட்டுக்கு எடுக்கிற லைவ் லோடே 200 கிலோதான். புது சங்கனைச் சுத்தி பீம் வேணும், பழைய பள்ளத்து ஸ்லாபை மத்த ஸ்லாப் மட்டத்துக்கு ஏத்தணும்.

டிராயிங் மாத்துறதுக்குக் கான்கிரீட் போடுற தேதியைக் கடைசி நாளா வைக்காதீங்க, கம்பி வெட்டுற தேதியை வைங்க. ஆர்2-வை (டிராயிங்கோட ரெண்டாவது ரிவிஷன்) வச்சு பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது கம்பி வெட்டி வளைக்கிற பட்டியல் போட்டு, வெட்டி வளைச்ச பிறகு ஆர்3 வந்தா, கம்பியை வீணாக்க மனசு வராம லேப் போட்டு (ரெண்டு கம்பியை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திக் கட்டி) ஒப்பேத்துவாங்க. அந்த லேப் சரியா பீம் நடுவுல, அடிக்கம்பியில வந்து உக்காரும். லேப் வரக்கூடாத இடமே அதுதான்.

சைட் இன்ஜினியர், பெரும்பாக்கம்:
கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி சரிபார்த்துக் கையெழுத்துப் போடுற போர் கார்டுல (pour card) ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல்னு நாலு டிராயிங்கோட ரிவிஷன் நம்பரையும் எழுத இடம் விடுங்க. ஒண்ணு காலியா இருந்தாலும் ரெடிமிக்ஸுக்கு ஆர்டர் போகக்கூடாது. வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப் கணக்குல வராது. புது ஷீட் கொடுக்கும்போதே பழசைத் திருப்பி வாங்கிடணும். முக்கியமா கம்பி மேஸ்திரி சட்டைப்பையில எட்டா மடிச்சு வச்சிருக்கிறதை.

ஆர்க்கிடெக்ட், அடையாறு:
எல்லாத்தையும் எங்க தலையில கட்டாதீங்க. டக்ட்டுக்கு (ஏசி காத்து போற குழாய்) இடம் பத்தலை, ஃப்ளோருக்கு 75 மி.மீ. ஏத்துங்கன்னு ஏசி பக்கத்திலிருந்தும்தான் கேக்குறாங்க. ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு, லெவலுக்கு 3 மீட்டர்னா 18 மீட்டர். ஆறு லெவலுக்கும் 75 ஏத்தினா 18.45. தமிழ்நாட்டு 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி 18.30 தாண்டினா அது ஹைரைஸ். செட்பேக், ஃபயர், அனுமதி எல்லாமே வேற கதை. படிக்கட்டும் உதைக்கும்: 150 வீதம் 20 படி இருந்த இடத்துல அரைப் படி கூடுது, லேண்டிங் பீம் லெவல் மாறுது. டக்ட்டை அகலமாக்கி உயரத்தைக் குறைக்க முடியுமான்னுதான் முதல்ல பார்க்கணும்.

பிம் (BIM, கட்டடத்தோட 3டி மாடல்) கோஆர்டினேட்டர், தரமணி:
"மாடல்ல கிளாஷ் (ஒண்ணோட ஒண்ணு மோதுறது) காட்டலையே"ன்னு விட்டுடாதீங்க. நிறைய மாடல்ல குழாயை வாட்டமே இல்லாம மட்டமா வரைஞ்சிருப்பாங்க. டக்ட்டுக்கு 25 மி.மீ. இன்சுலேஷன் இருந்தா மேலயும் கீழயுமா 50 கூடும், அதுவும் மாடல்ல இருக்காது. இல்லாததோட எது மோதும்?

பிளம்பிங் கன்சல்டன்ட், வேளச்சேரி:
கடைசியா ஸ்லீவ், அதாவது குழாய் போக கான்கிரீட்ல முன்னாடியே விடுற ஓட்டைக்கான உறை. 110 குழாய்க்கு 160 ஸ்லீவ் வைங்க, சென்ட்ரிங் மேலயே ஆணி அடிச்சு, வாயை மூடி. பீம்ல வர்றதா இருந்தா ஸ்ட்ரக்சரல் கையெழுத்து இல்லாம வைக்காதீங்க. விட்டுப்போச்சுன்னு கான்கிரீட்ல ஓட்டை போடுற கோர் கட்டிங் மெஷினை வரவழைக்கிறதுக்கு முன்னாடி, அது பிடி ஸ்லாபான்னு (உள்ளே கேபிளை இழுத்து முறுக்கி வச்ச போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப்) பாருங்க. பிடி ஸ்லாப்னா கேபிள் லேஅவுட் கைக்கு வர்ற வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது.