கையடக்க ஸ்கேனர் வாங்கியாச்சு, கரையில் உட்கார்ந்து கடலைக் கேட்பது தப்பா?

தூத்தூர்_கரை:
வெளிநாட்டில் இருந்து வந்த மச்சான் யூனிடன் பிசி125ஏடி என்ற ரேடியோ ஸ்கேனர் கொண்டுவந்து தந்தார், வயர்லெஸ் பேச்சைக் கேட்க மட்டும் முடிகிற பெட்டி. மூன்று நாளாகக் கையை விட்டு இறங்கவில்லை. 500 சேனல் பதியலாம், இரண்டு பென்சில் பேட்டரி போதும், யூஎஸ்பி ஒயரிலேயே சார்ஜ் ஏறும். ஆனால் பட்டனை அமுக்கிப் பதிவது பெரும்பாடு, கம்ப்யூட்டரில் மாட்டித்தான் முடித்தேன். கூட வந்த குட்டி ஏரியல் சுமார்தான். விமான அலைவரிசையில் விமானிகள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, தரையில் இருந்து வரும் பதில்தான் கிடைப்பதில்லை. மொட்டைமாடிக்குப் போய் 156.8 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன், அதாவது கடலில் எல்லோரும் ஆபத்துக்குக் கூப்பிடும் சேனல் 16. தேங்காப்பட்டணம் திரும்பும் படகுகளின் குரல் வந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடற்கரையில் வீட்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

பார்வதிபுரம்_ஹாம்:
தம்பி, கருவி நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே தப்பு. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது, 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அதே வழிதான். 'நான் பேசவில்லை, கேட்க மட்டும்தான் செய்தேன்' என்ற பதில் அங்கே எடுபடாது. நம்முடையது எல்லைக் கடற்கரை வேறு. வீட்டுக்கு ஒன்று என்று பொதுவில் எழுதி நாலு பையன்களை மாட்டிவிடாதீர்கள்.

தூத்தூர்_கரை:
சட்டம் தெரியாமல் வாங்கியது என் தப்புதான் அண்ணாச்சி. ஆனால் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் வந்தபோது சித்தப்பா படகு தங்கலுக்கு, அதாவது பல நாள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்க, போயிருந்தது. ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை, பங்குக் கோயில் மேடையில் பெயர் வாசிக்கும்போதெல்லாம் சித்தி மயங்கி விழுந்தார். கடைசியில் லட்சத்தீவில் கரையேறியதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு ஒரு குரல் கேட்டிருந்தால் போதும் என்று நினைக்கிற வீடு எங்கள் ஊரில் எத்தனை தெரியுமா?

முட்டம்_விசைப்படகு:
மக்கா, உன் வலி எனக்கும் உண்டு, ஆனால் நீ சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் படகு ஓட்டுகிறவன். கடலடியில் எந்தப் பாரில் (பாறைத்திட்டில்) கணவாய் மீன் கிடக்கிறது என்று கூட்டாளியிடம் வயர்லெஸில் சொல்வது எங்கள் பிழைப்பு, அதைக் கரையில் நாலு பேர் கேட்டால் எப்படி? அதைவிட மோசம் பாதிப் பேச்சு. போன வருஷம் எஞ்சின் நின்றுவிட்டது என்று நான் சொன்னது மட்டும் யாரோ காதில் விழுந்து, அரை மணி நேரத்தில் அது சரியானது விழாமல், என் பெண்டாட்டி கோயிலில் அழுது தீர்த்திருக்கிறாள். கடலில் இருப்பவனால் அதைத் திருத்த முடியாது.

பார்வதிபுரம்_ஹாம்:
ஒக்கி விஷயத்திலும் இது உதவியிருக்காது தம்பி. இந்தப் படகு வயர்லெஸின் விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். பத்து மீட்டர் மாடியில் நீங்கள், ஆறு மீட்டர் ஏரியலோடு படகு என்றால் சுமார் 23 கிலோமீட்டர்தான். மலை மேல் 200 மீட்டர் உயரத்தில் நின்றாலும் 70-ஐ ஒட்டித்தான் வரும். சித்தப்பா இருந்தது அதைத் தாண்டி எவ்வளவோ தூரம். அங்கே சாட்டிலைட் வழி கருவி மாதிரி ஒன்றுதான் கைகொடுக்கும். போராடுவதாக இருந்தால் எல்லாப் படகிலும் அது இருக்க வேண்டும் என்று போராடுங்கள்.

தூத்தூர்_கரை:
23 கிலோமீட்டர் கணக்கு எனக்குத் தெரியாது, அது உறைக்கிறது. ஆனால் திரும்பி வரும் கடைசி 23 கிலோமீட்டரில்தானே மணல்மேட்டு அலையில் படகு கவிழ்கிறது, அதைக் கரையில் கேட்க ஆள் வேண்டாமா?

முட்டம்_விசைப்படகு:
வேண்டும். துறைமுகத்தில் உரிமத்தோடு, இரவும் பகலும், பதில் பேசக்கூடிய செட்டோடு ஒரு ஆள் வேண்டும். கேட்க மட்டும் முடிகிற பெட்டியை அம்மா மடியில் வைத்தால், மகன் கூப்பிடுவது கேட்கும், பதில் சொல்ல முடியாது. அதை நான் எந்தத் தாய்க்கும் தர மாட்டேன்.

தூத்தூர்_கரை:
நேற்று ராத்திரி அம்மா அதைத்தான் கேட்டார், 'இதில் நாம் பேச முடியாதா' என்று. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி, ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத் தேர்வில் மோர்ஸ் தந்திக் குறியீடு இல்லாத பிரிவு உண்டு என்கிறார்களே, அதற்குப் படிக்க எங்கே தொடங்குவது?

பார்வதிபுரம்_ஹாம்:
உண்டு, ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, 12 வயது ஆனாலே எழுதலாம். ஆனால் அது ஹாம் அலைவரிசைக்கு மட்டும், படகுப் பேச்சுக்கு அல்ல. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் பக்கம் வந்தால் என் புத்தகங்களைத் தருகிறேன்.